எட்டாவது அச்சுப்பெட்டி

எஞ்சின் இல்லாத அந்த ஒற்றை ரயில் வண்டிக்கு இப்போது தனியாக ஒரு கூரை போட்டு, சுற்றிலும் சங்கிலி கட்டி, பக்கத்தில் ஒரு பலகையும் நட்டு வைத்திருக்கிறார்கள். மலாயில் எழுதியிருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சட்டமும் சக்கரங்களும் கப்பலில் வந்தன, தேக்குமர உடம்பு செந்தூல் பட்டறையில் கட்டப்பட்டது, முதலில் முதல் வகுப்பு, பிறகு பாதி இரண்டாம் வகுப்பு பாதி மூன்றாம் வகுப்பு, சண்டை முடிந்த பின் தண்டவாள வேலைக்காரர்கள் படுத்துறங்கும் வண்டி. அவ்வளவுதான், நாலே வரி. தப்பென்று ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் அதன் சக்கரங்களை ஒட்டிய எட்டு அச்சுப்பெட்டிகளில் ஏழின் மூடியில் வட்டமாக எழுத்து வார்த்திருக்கும், எட்டாவது மட்டும் மொட்டையாக இருக்கும். அதைப் பலகை எழுதியவர் கவனிக்கவில்லை. அந்த மொட்டைக்குக் காரணம் தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதனால் எழுதிவைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேரும்போதே அது வயதான வண்டி. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமார்கள் பச்சைத் தோல் மெத்தையில் சாய்ந்துகொண்டு கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் போய்வந்த வண்டி. மெத்தையைப் பிய்த்துப் பலகை போட்ட பிறகும் அதன் நடை மாறவில்லை. குலுக்கல் குறைவு, சத்தம் குறைவு. நாங்கள் அதைச் சீமாட்டி என்போம். "சீமாட்டிக்குக் கால் கழுவியாச்சா?" என்பார் மேஸ்திரி. சக்கரம் துடைத்தாயா என்று அர்த்தம்.

என் வேலை எண்ணெய் போடுவது. சக்கரத்து அச்சின் இரண்டு நுனியும் ஒவ்வோர் இரும்புப் பெட்டிக்குள் சுழலும். பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய கம்பளி நூலைச் சுருட்டி அச்சுக்கு அடியில் திணித்து வைக்க வேண்டும். அந்தச் சுருளுக்கு எங்கள் பேச்சில் சோறு என்று பெயர். சோறு தீர்ந்த பெட்டியில் அச்சின் இரும்பும் அதன்மேல் உட்காரும் பித்தளையும் நேருக்கு நேர் உரசும். முதலில் கத்தும், பிறகு புகையும், அதற்கும் பிறகு அச்சு முறியும், அல்லது மேலே இருக்கிற மரம் பற்றிக்கொள்ளும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சோறு வைக்காத பெட்டியின் மூடியைத் திறந்தபடி விட வேண்டும். மூடி வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் எவனும் அந்த வண்டியை நகர்த்த மாட்டான். மூடி சாத்தியிருந்தால் வயிறு நிறைந்தது என்று பொருள். இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதே போதுமானதாக இருந்தது.

ரப்பர் விலை விழுந்து, ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்ட வருஷங்கள் அவை. வாரத்துக்கு ஒரு பட்டியல் வரும். வேலை போய்விட்டால் "பேர் வெட்டு" என்போம். பேர் வெட்டு விழுந்தால் பிரிக்பீல்ட்ஸ் கோட்டர்சில் இருந்த ஒற்றை அறையும் போய்விடும். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பும் கப்பலுக்குப் போக வேண்டியதுதான். துறைமுகத்துக்குப் போகிற வண்டிக்கு நானே எண்ணெய் போட்டுவிட்டு, அதில் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்திருக்கிறேன். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை. காலையில் கண் விழித்தவுடனே கையிலிருக்கும் காசை எண்ணிப் பார்ப்பேன். பட்டியலை நினைத்தா, பிரசவத்தை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

அந்த வருஷம் ஆயுத பூஜை செவ்வாய்க்கிழமை வந்தது. பூஜைக்குக் கருவிகளைச் சாமிமுன் வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபூஜை செய்து எடுக்கும் வரைக்கும் தொடக்கூடாது. எண்ணெய் வாளி, கொக்கி, சுத்தியல் எல்லாமே அதில் சேர்த்தி. மத்தியானம் பெண்களும் சுண்டல் சட்டியும் பொரி மூட்டையுமாக யார்டுக்கு வந்துவிட்டார்கள். நான் சீமாட்டிக்கு அடியில் கடைசிப் பெட்டியில் கைவைத்திருந்தேன். பழைய சோற்றைக் கொக்கியால் இழுத்து எறிந்தாகிவிட்டது. புதுச் சோறு வாளிக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

"டேய், இன்னும் அடியிலேயே கெடக்கிறியா? மூணு மணிக்கு ராகு காலம். சாமி உனக்காகக் கால் கடுக்க நிக்குமா?" என்று மேஸ்திரியின் குரல்.

"ஒரே ஒரு பெட்டிதான் மேஸ்திரி. சோறு வச்சிட்டு வந்துடறேன்."

"நாளைக்கு வச்சுக்கலாம்டா. இது நாளை மத்தியானம்தானே கிள்ளான் போகுது? ராத்திரியோட ராத்திரியா ஓடியா போயிடும்? வாளியைத் தூக்கு, வா!"

மூடியைத் திறந்தபடி விட்டேன். வாளியைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். கற்பூரம் ஏற்றினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். பெண்கள் கூடையும் கிண்ணமுமாக வண்டிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கக் கிளம்பினார்கள். என் மனைவியும் போனாள். ஞாயிற்றுக்கிழமைதான் வளைகாப்பு நடந்திருந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல். அவள் எந்த வண்டிக்குப் பின்னால் இருக்கிறாள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

மறுநாள் அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக என் மாமியார் கிள்ளானிலிருந்து வந்திருந்தார். நாள் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "புதன்கிழமை சூலம் வடக்கே, நாம போறது மேற்கே. எமகண்டம் ஒன்பதுக்கு முடியுது. அதுக்கு மேல வர்ற வண்டியில ஏறினா ஒரு கொறையும் வராது மாப்பிள்ளை" என்றார். எல்லாக் குறையையும் யோசித்தார். நான்தான் யோசிக்கவில்லை.

ஒன்பதுக்கு மேல் புறப்படுகிற வண்டியில் ஏற்றிவிடப் போனால், அங்கே சீமாட்டி நிற்கிறது. பண்டிகைக் கூட்டம் என்று அதை மத்தியானத்துக்கு விடாமல் காலை வண்டியோடு சேர்த்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம். குலுங்காத வண்டி ஆயிற்றே! பிறகு நெஞ்சில் எதுவோ தட்டியது. நடைமேடை சரிந்து இறங்குகிற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். கடைசிப் பெட்டியின் மூடி சாத்தியிருந்தது. நடுவில் அழகாகச் சந்தனம், அதற்கு நடுவில் குங்குமம். சரி, வேறு எவனோ பார்த்து முடித்துவிட்டான் என்று என் கண் சொன்னது. கண் சொன்னதை மனசு கேட்டுக்கொண்டது. கருவியெல்லாம் சாமிமுன் இருக்கும்போது எவன் எதைக்கொண்டு முடித்திருப்பான் என்று அது கேட்கவில்லை.

"இதிலேயே உட்காரு. நானே எண்ணெய் போட்ட வண்டி. தூளியில ஆடற மாதிரி போகும்" என்றேன்.

"நீங்க எண்ணெய் போட்டா எனக்கு நடுக்கம்தான்" என்று சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னதுதான்.

வண்டி போனதும் யார்டுக்குத் திரும்பினேன். மேஸ்திரி மறுபூஜை முடித்து, "எடுங்கடா அவங்கவங்க சாமானை" என்றார். என் வாளியைத் தூக்கினேன். கனமாக இருந்தது. உள்ளே பார்த்தேன்.

சோறு கிடந்தது. ராத்திரி முழுக்க எண்ணெய் குடித்து, உப்பி, வாளியின் அடியில் அப்படியே கிடந்தது.

அடுத்ததாக என்ன செய்தேன் என்பதை மறைக்க நினைக்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை. நின்றேன். பழைய எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருக்கும், கிள்ளான் வரைக்கும் தாங்கிவிடும் என்று ஒரு எண்ணம். வெளியே சொன்னால் இந்த வாரப் பட்டியலில் என் பேர் முதல் வரி என்று இன்னொரு எண்ணம். பத்து மூச்சு விடும் நேரம் இருக்குமா? இருக்கும். என் மனைவி அந்த வண்டியில் உட்கார்ந்திருக்க, பத்து மூச்சு நான் என் வேலையைப் பற்றி யோசித்தேன். பிறகுதான் ஓடினேன்.

தண்டவாளத்தோடு ஓடி, ஸ்டேசன் மாஸ்டர் அறைக்குள் செருப்போடு நுழைந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் அவசரமில்லாமல் செய்கிறவர்.

"என்ன காணும், நாய் துரத்தினதோ?"

"கிள்ளான் வண்டியில ஒரு அச்சுப்பெட்டி வெறும் பெட்டிங்க மாஸ்டர். உள்ள ஒண்ணுமே இல்லைங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "எந்த வண்டி? எந்தப் பக்கம்? கெதியாச் சொல்லும்."

சொன்னேன்.

"ஆர் விட்ட பிழை?"

"நான்தாங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீர் சொன்னதை நான் எழுதத்தான் வேணும். விளங்குதோ? எழுதினாப் பிறகு அழிக்கேலாது."

"எழுதுங்க மாஸ்டர். முதல்ல தந்தி அடிங்க. என் சம்சாரம் அதிலதான் இருக்கா. மாசமா இருக்கா."

தந்திக் கட்டை டக்டக்கென்று அடித்தது. பெட்டாலிங் தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. சுங்கைவேயும் தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. அடுத்த ஸ்டேசன் பத்து தீகா. அங்கே நிறுத்தச் சொல்லி அடித்தார். பிறகு கட்டை சும்மா இருந்தது. அது சும்மா இருந்த நேரத்தில் அறையின் சுவரில் எத்தனை பலகை என்று எண்ணினேன். எண்ணி முடித்து மறுபடி எண்ணினேன். இரண்டு முறையும் வேறு வேறு கணக்கு வந்தது.

கட்டை அசைந்தது. அவர் எழுதிக்கொண்டே வாசித்தார்: "நிப்பாட்டியாச்சு. பெட்டியில புகை. வண்டியைக் கழட்டிவிட்டாச்சு."

"ஆளுங்க?"

"ஆக்களைப் பற்றி ஒண்டும் இல்லை" என்றார். சட்டென்று குரலைத் தணித்து, "ஒண்டும் இல்லையெண்டால் ஒண்டும் நடக்கேல்லை எண்டுதான் அர்த்தம், தம்பி. பழுது பார்க்க எஞ்சின் போகுது, நீரும் போம். அந்தக் கம்பளிச் சுருளை மறக்காமல் கையோட கொண்டு போம்" என்றார்.

எஞ்சினோடு கட்டிய சாமான் வண்டியில் மேஸ்திரியும் ஏறினார். பெட்டாலிங் தாண்டியதும், "நான் கூப்பிட்டதைச் சொல்லிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சொல்லலை."

"எனக்கு அஞ்சு உருப்படிடா" என்றார். அவர் பிள்ளைகளைச் சொல்கிறார். வேறொரு நாளாக இருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்றைக்கு வாளியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பத்து தீகாவில் சீமாட்டி பக்கத்துத் தண்டவாளத்தில் தனியாக நின்றது. கம்பளியும் எண்ணெயும் கருகிய நாற்றம் தூரத்திலேயே மூக்கில் ஏறியது. அங்கே இருந்த மலாய்க்காரர் ஒருவர் பயந்துபோய்ப் பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டியிருக்கிறார். மூடி இரண்டாக வெடித்திருந்தது. வெடித்த ஒரு துண்டில் குங்குமம் இருந்த இடம் கரிப்பொட்டாக ஒட்டியிருந்தது. மேலே தரைப்பலகையின் விளிம்பு கறுத்திருந்தது. அதற்கு நேர்மேலே இருந்த பெஞ்சில்தான் நான் அவளை உட்காரவைத்தேன்.

மற்றவர்களை ஏற்றிக்கொண்டு ரயில் போய்விட்டது. இவளால் நெரிசலில் ஏற முடியாது என்று தாயும் மகளும் நடைமேடையில் தங்கிவிட்டார்கள். முதலில் வளையல் சத்தம் கேட்டது. பிறகுதான் ஆளைப் பார்த்தேன்.

மாமியார் ஆரம்பித்தார். "வாங்க மாப்பிள்ளை. நல்லா எண்ணெய் போட்டீங்க. வேப்பிலை போட்டுப் புகை மூட்டின மாதிரி வந்தோம்."

"அம்மா, சும்மா இரு" என்றாள் இவள். அவள் முகம் வெளுத்திருந்தது. "எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா புகை வந்ததிலேருந்து உள்ள அசையவே இல்லைங்க."

மாமியார் தண்ணீர் வாங்கிவரப் போனார். பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்த மூடியைத் திறந்துதான் வச்சிருந்தேன். எவன் சாத்தினான்னு தெரியலை" என்றேன்.

"எது, பின்னாடி இருந்ததா? நான்தான் சாத்தினேன்" என்றாள். "நீங்க எண்ணெய் போடற வண்டியாச்சேன்னு எட்டுக்கும் நானே பொட்டு வச்சேன். அது ஒண்ணு தொறந்து கெடந்துச்சு. சாத்தினாத்தானே பொட்டு வைக்க முடியும்?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வளையல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை யாருகிட்டயும் சொல்லாதே. உங்கம்மாகிட்டயும் சொல்லாதே" என்றேன். மூடி திறந்திருந்தால் என்ன அர்த்தம் என்று நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சோறு வைப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த பாஷை அது. எல்லோருக்கும் தெரியும் என்று நாங்கள் நினைத்தோமே, அந்த எல்லோரில் பெண்கள் இல்லை.

அடுத்த வண்டியில் அவர்களை ஏற்றிவிட்டேன். நான் சீமாட்டியோடு தங்க வேண்டியிருந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, பித்தளையை மாற்றி, கொண்டுபோன சோற்றை வைத்து, ஒரு பலகைத் துண்டை மூடிக்குப் பதிலாகக் கட்டி, ஆள் நடக்கிற வேகத்தில் செந்தூலுக்கு இழுத்துப் போனோம். வழியெல்லாம் அந்தப் பெட்டியின்மேல் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன். உள்ளே அசையவே இல்லை என்று அவள் சொன்னது மட்டும் காதில் இருந்தது.

கிள்ளானிலிருந்து வெள்ளிக்கிழமைதான் செய்தி வந்தது. ரயில் கார்டு ஒருவர் ஓடுகிற வண்டியிலிருந்தே கத்தினார்: "உங்க அத்தை சொல்லச் சொன்னாங்க! உதைக்குதாம்! நல்லா உதைக்குதாம்!" யார்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு விசாரணை. ரயில்வே துரை இங்கிலீஷில் கேட்டார், ஸ்டேசன் மாஸ்டர் தமிழில் சொன்னார். வேலையைப் பாதியில் ஏன் விட்டாய்? பூஜைக்குப் போனேன். மூடியைச் சாத்தியது யார்? மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்."

ஸ்டேசன் மாஸ்டர் உடனே அதை மொழிபெயர்க்கவில்லை. "வடிவா யோசிச்சுச் சொல்லும். சோறு வைக்காத பெட்டியை எண்ணெய்க்காரன் மூடுவானோ?" என்றார். அவருக்கும் எங்கள் பாஷை தெரிந்திருந்தது.

"பூஜை அவசரத்துல சாத்திட்டேன் மாஸ்டர். நான்தான்."

பெருமூச்சு விட்டு, சொல்லிவிட்டார். துரை எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் முடிவு தெரியவில்லை. அந்த மூன்று பட்டியலையும் நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. தள்ளி நின்று, பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்ப்பேன். அறையில் இருந்த சாமான்களை மனசுக்குள்ளேயே மூட்டை கட்டிப் பழகினேன். எதை விற்பது, எதைக் கப்பலுக்குக் கொண்டுபோவது என்று. தொட்டில் கட்ட வாங்கிவைத்த கயிறு மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் நின்றது.

கடைசியில் மேஸ்திரி ஒரு காகிதத்தோடு வந்தார். "பேர் வெட்டலைடா. தானா வந்து சொன்னான்னு மாஸ்டர் ஒரு வரி எழுதியிருக்காராம். ஆனா எண்ணெய் வாளியைப் புடுங்கிட்டாங்க. இனிமே வண்டி கழுவு." பிறகு, போகாமல் நின்றார். "நான் வாயைத் திறந்திருக்கணும்" என்றார். நான் கழுவுகிற வாளியைத் தேடிப் போனேன்.

அடுத்த வருஷப் பூஜையில் யாரும் சொல்லாமலே ஒரு மாற்றம் வந்தது. அச்சுப்பெட்டிக்கு மட்டும் எண்ணெய்க்காரனே மூடியைச் சாத்தி, அவன் கையாலேயே சந்தனம் வைப்பான். பெண்கள் கதவுக்கும் ஜன்னலுக்கும் வைத்துக்கொள்ளலாம். காரணம் கேட்டால், "இங்க அப்படித்தான்" என்பார்கள். என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். எத்தனை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. சீமாட்டி மொட்டை மூடியோடு பட்டறையிலிருந்து திரும்பியிருந்தது. அதே எழுத்து வார்த்த மூடி கிடைக்கவில்லையாம். அதை நான் பல வருஷம் கழுவினேன். அந்த மூடியைக் கழுவும்போது மட்டும் திறந்து பார்ப்பேன். அது என் வேலை இல்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

மூடியைச் சாத்தியது யார் என்பதை அவள் இருந்தவரைக்கும் நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை.

போன மாதம் என்னை அந்த வண்டியிடம் அழைத்துப்போனவள், அன்றைக்கு உள்ளே அசையாமல் கிடந்த என் மகள்தான். அவளுக்கே பேரப்பிள்ளை வரப்போகிறது. அவள் பலகையைப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் சங்கிலியைத் தாண்டிப் போய் மொட்டை மூடியைத் தூக்கினேன். காவல்காரப் பையன், "அங்கிள், தொடக்கூடாதுலா!" என்று கத்தினான்.

உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு நூல்கூட இல்லை. எலும்பாகக் காய்ந்து கிடந்தது.

"என்னப்பா, முகமெல்லாம் வேர்க்குது?" என்று ஓடிவந்தாள் மகள். "பெட்டி காலியா இருக்கும்மா" என்றேன். "இருந்துட்டுப் போகட்டுமே. இந்த வண்டி இனிமே எங்கேப்பா போகப்போகுது?" என்றாள்.

எனக்கும் தெரியும். கண்ணுக்கெதிரே தண்டவாளம் பத்தடியில் முடிந்து புல்லுக்குள் மறைகிறது. இருந்தாலும், மகள் என் கையைப் பிடித்து இழுக்கிற வரைக்கும் மூடியைச் சாத்த எனக்கு மனம் வரவில்லை. திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன்.